பார்த்துச் சொல்பவர்

முன்பக்கம் நசுங்கிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை ஷெட்டுக்குள் இழுத்துவந்து நிறுத்தியிருந்தார்கள். பிரேக் லைட் பழுதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார் ஞானசேகரன். பாலத்துச் சுவரில் மோதி இறந்தவன் அவர் மகன். கடைசிவரை அந்த லைட் எரியவே இல்லை என்று பின்னால் வந்த லாரிக்காரர் போலீஸில் சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சேதான் மோதினான்னு பேசிக்கிறாங்க. லைட் பழுதுன்னா, அவன் பிரேக் மிதிச்சிருப்பான் இல்ல?"

எலக்ட்ரீஷியன் சவரிமுத்து குனிந்து வேலையைத் தொடங்கினார். பெடல் ஸ்விட்ச், ஃபியூஸ், டிக்கிவரை ஓடும் ஒயர் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. வேறொரு பேட்டரியை இணைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல.

"பின்னாடி போய் நில்லுங்க சார்." மிதித்தார். "எரியுதா?"

சவரிமுத்து கண்ணாடியில் பார்த்தார். ஞானசேகரனின் வெள்ளை வேட்டி லைட் வெளிச்சத்தில் முழுக்கச் சிவந்திருந்தது.

"எரியலப்பா," என்றார் அவர். "அப்படியே எழுதிக் குடுத்துடு. அவங்கம்மாகிட்ட காட்டணும்."