மூக்குக்குப் புதுப்பாடம்

சுகிர்தாவின் நுரையீரல் கட்டியை மருந்து அடக்கிவிட்டது. செல்லுக்குள் அவிழக் கூடாத இடத்தில் அவிழ்ந்துவிட்ட மரபணு இழையை மீண்டும் இறுகச் சுருட்டிவைக்கும் மருந்து அது. சுருட்டிய வேகத்தில் மூக்கிலும் சில முடிச்சுகள் இடம் மாறிவிட்டன. மல்லிகை மண்ணெண்ணெயாக நாறியது.

குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலையில் அவள் டீ டேஸ்டர்; தேநீரை முகர்ந்து, சுவைத்துத் தரம் சொல்லும் வேலை.

"வேற வேலை கேட்டுப் பாக்கலாமா?" என்றான் கணவன் தயாளன்.

"எதுக்குங்க? வாசனை போகல, இடம்தான் மாறியிருக்கு. திரும்பப் படிச்சுக்கறேன்."

காலை முழுதும் கோப்பை கோப்பையாக முகர்ந்து மனப்பாடம் செய்தாள். நல்ல தூள் இப்போது துருவாக மணந்தது. பூஞ்சை பிடித்தது ரோஜாவாக.

மகள் ஓவியா மட்டும் கிட்டே வரவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, கட்டிக்கொண்டபோது அம்மா முகத்தைத் திருப்பியதை அவள் கவனித்திருந்தாள்.

"என் மேல நாத்தம் அடிக்குதாம்மா?"

"ஆமா. அழுகின மீன் மாதிரி." சுகிர்தா பொய் சொல்லவில்லை. "கிட்ட வா. உன்னையும் படிக்கணும்."

தினமும் மகளின் உச்சியில் மூக்கைப் புதைத்து நின்றாள். குமட்டியது. நகரவில்லை.

மார்கழிக் குளிரில் சந்தை முனையில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகையில் ஓவியாவின் பழைய வாசனை அப்படியே வந்தது. தேங்காய் எண்ணெயும் தூக்கமும் கலந்த வாசனை. சுகிர்தாவின் கால்கள் தாமாக நின்றன.

பின்னாலிருந்து அழுகின மீன் நாற்றம் வந்தது. புகைக்கு முதுகைக் காட்டித் திரும்பும் முன்பே கையை நீட்டினாள்.

"வந்துட்டியாடி? வா, வீட்டுக்குப் போலாம்."