பல் சேரும் இடம்

"திருப்பு" என்றான் புருசன், லாரிக்கு அடியிலிருந்து.

திருப்பினாள்.

கியர் பாக்ஸின் பின்பக்கத்து இரும்புத் தட்டு அவள் கையில் இருந்தது. முன்சக்கரத்துக்கும் டீசல் டேங்குக்கும் நடுவே குத்தவைத்து, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தாள். தட்டைத் திருப்பினால் பெட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாப்ட் திரும்பும். ஷாப்ட்டின் பல்லும் கிளட்ச் தட்டின் பல்லும் நேராகிற இடத்தில் விரலில் ஒரு சின்ன இடறல் தெரியும். அப்போது அவள் "ம்" சொல்ல வேண்டும். அவன் தள்ளுவான். பெட்டி உள்ளே போய் உட்காரும்.

ஒன்பது நாள் வேலையில் மிச்சம் இது ஒன்றுதான்.

மல்லாந்து படுத்திருந்தான். அவர்களிடம் இருந்த ஜாக்கி முக்கால் உயரம்தான் தூக்கும். அதற்கு மேல் அவன் முழங்காலும் நெஞ்சும்.

பெட்டி எழுபது கிலோ.

பட்டறைக்குக் கொண்டுபோக வழியில்லை. வீட்டு முன்னால் வேப்பமரத்து நிழலிலேயே கழற்றி இறக்கினார்கள். கியர் ஒரு லாரியுடையது, பேரிங் வேறொன்றுடையது. இரண்டும் காயலான் கடையில் பொறுக்கியவை. மூடிக்கு அடியில் வைக்கும் அட்டையை யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலோ வெட்டினான். "மாப்பிள்ள பேரு போயிருச்சு. பொண்ணு பேரு மட்டும் நிக்குது" என்று தூக்கிக் காட்டினான். அன்றைக்குச் சிரித்தாள். கியர் பற்களை ஒவ்வொன்றாக டீசலில் கழுவியது அவள்தான். எட்டு நாளாகச் சோற்றில் அந்த வாடை.

போன லோடில், தொப்பூர் மலை இறக்கத்தில் கியர் கழன்றுகொண்டது. சுமையோடு வண்டி தானாக ஓடி, ரோட்டோர மணல் மேட்டில் ஏறி நின்றது. வீட்டுக்கு வந்தவன் "கியர் பாக்ஸ் போச்சு" என்று மட்டும் சொன்னான். மற்றதெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் போனில் சொல்லித்தான் தெரியும்.

நேற்று அவள் தம்பி வந்தான். பைக்கை விட்டு இறங்கவில்லை.

"மாமா, இதப் பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க. தீவன மில்லுல எடைமேடைக்கு ஆள் கேக்கறாங்க. பேன் காத்துல உக்காந்து சீட்டுக் கிழிச்சுக் குடுக்கற வேலைதான்."

"உன்னையும் சேத்துப் போட்டா ரெண்டு பழம் கூடக் குடுப்பான் மாப்ள."

தம்பி போன பிறகு, அவளைப் பார்க்காமல் சொன்னான். "நாளைக்குப் பெட்டி உக்காரலீன்னா வித்தர்றேன். மில்லுக்கே போறேன்."

உட்கார்ந்தால் புதன்கிழமை நாக்பூர் லோடு.

இருபது நாள்.

போகும்போது தொப்பூர்தான் வழி. வரும்போது அதே இறக்கம்.

"திருப்பு."

திருப்பினாள். விரலில் இடறியது.

நிறுத்தவில்லை. அரைப் பல் தாண்டவிட்டாள்.

"ம்."

தள்ளினான். இரும்பு இரும்பில் முட்டியது.

"இல்ல. இன்னொருக்கா."

இடறியது. தாண்டினாள்.

"ம்."

முட்டியது.

அடியில் மூச்சு மட்டும் கேட்டது. இழுக்கும் மூச்சு குறைந்துகொண்டே வந்தது.

மூன்றாவது தடவை அவள் கை தானாகவே தாண்டவிட்டது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ம்."

முட்டியது.

"இறக்கி வெய்ங்க" என்றாள்.

"வெச்சா மறுக்கா தூக்க முடியாது."

அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். வைக்கட்டும். வைத்துவிட்டு வெளியே வரட்டும். குளித்துவிட்டுத் தூங்கட்டும். தம்பிக்கு அவளே போன் செய்துகொள்வாள்.

அவன் வைக்கவில்லை.

குனிந்து பார்த்தாள். முகம் தெரியவில்லை, பெட்டி மறைத்திருந்தது. முழங்கால் இரண்டும் தெரிந்தன. தையல் மிஷின் ஊசிபோல ஆடிக்கொண்டிருந்தன. சட்டைப் பொத்தான் ஒன்று நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டி உள்ளே அமுங்கியிருந்தது. அது குத்தும். குத்துகிறது என்று சொல்லமாட்டான்.

ஒன்று பெட்டி இறங்க வேண்டும். இல்லை, ஏற வேண்டும். நடுவில் அவன் கிடந்தான்.

"இன்னொருக்கா கண்ணு."

கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருசம் இருக்கும்.

திருப்பினாள்.

இடறியது.

நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். மரத்தில் எதுவோ கத்தியது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"ம்."

சத்தமே இல்லை. தயிருக்குள் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது. அவள் கையிலிருந்த தட்டு தானாக நழுவி முன்னே போனது.

அடியில் கட்டையை உதைத்து முட்டுக்கொடுக்கும் சத்தம். முழங்கால்கள் மடங்கித் தரையில் விழுந்தன. வெகுநேரம் இருமினான்.

அப்புறம் சொன்னான்.

"மொதத் தடவயே இடறுச்சு."

அவள் கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

"என்ற நெஞ்சு மேலதான இருந்துது. எனக்குத் தெரியாதா."

குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"அப்பறம் ஏனுங்க அப்பவே தள்ளுல?"

கட்டையை இன்னொரு தடவை உதைத்துப் பார்த்தான்.

"நீ சொல்லோணுமல்ல."

லாரிக்கு அடியிலிருந்து கை மட்டும் வெளியே வந்தது. முழங்கை வரை கருப்பு. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

போல்ட்டுக்கு.

எல்லா போல்ட்டும் அவள் மடியில் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். காலையிலேயே கழுவி வைத்தது, பளிச்சென்றுதான் இருந்தது.

மறுபடியும் துடைத்தாள்.

கை அப்படியே நீண்டிருந்தது.