குஞ்சு பொரிக்காத கூடு

"குச்சி நட்ட இடத்துல யாரும் கால் வைக்காதீங்க! ஆமை முட்டை இருக்கு."

செம்போர்னா துறையிலிருந்து தன் படகில் கூட்டிவரும் சுற்றுலாப் பயணிகளிடம் ஜம்லான் தினமும் கத்துவது இதைத்தான். அவர்களும் பயந்து விலகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீன் பார்க்கக் கடலில் இறங்கிவிடுவார்கள்.

தீவுக்குப் புதிதாக வந்த வனவிலங்கு அதிகாரி நோர்லியா மட்டும் இன்று அங்கேயே நின்று, குச்சியில் கட்டிய பலகையில் முட்டையிட்ட நாளென்று எழுதியிருந்த தேதியைப் படித்தாள்.

"என்ன அண்ணே, எழுபது நாளாச்சு. ஒரு குஞ்சுகூட வரலையா?"

"வரும் மேடம். மழையில மண்ணு குளிர்ந்து கெடக்கு."

"போன வருஷப் பதிவுலயும் இதே இடத்துல கூடு. அதுக்கு முந்தின வருஷமும்! அதெப்படி?"

"பொறந்த மண்ணுக்குத்தானே மேடம் ஆமை திரும்பி வரும்?"

"எனக்கே பாடமா? முட்டை கெட்டிருக்கும், தோண்டிப் பார்த்துடறேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள்.

"வேணாம் மேடம். நீங்க நிழல்ல உக்காருங்க, நானே பார்த்துச் சொல்றேன்."

அவள் கேட்கவில்லை. முழங்கை ஆழம் தோண்டியும் ஒரு முட்டை ஓடுகூடக் கிடைக்கவில்லை.

"இங்க கூடே இல்லையே! யாரை ஏமாத்தறீங்க?"

மேலும் தோண்டப்போனவளின் கையை ஜம்லான் இறுகப் பிடித்தான்.

"போதும் மேடம். ஆமைக் கூடுன்னாத்தான் இங்க யாரும் மிதிக்க மாட்டாங்க. ஆமைங்களுக்காக இந்தத் தீவை விட்டு எங்களைக் காலி பண்ணச் சொன்னப்போ, வீட்டைப் பிரிச்சுப் படகுல ஏத்திட்டுப் போயிட்டோம். எம் பொண்ணை எடுத்துட்டுப் போக முடியல. அவ தலைமாட்டுல நட்ட கல்லையும் பிடுங்கிட்டாங்க."