வரவேற்புக் குழுவின் முதல் வெற்றி

பள்ளிக்கல்வி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அந்தத் திங்கட்கிழமை காலை, பத்தேகாலுக்கு, தலைமையாசிரியரின் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில், கலர் சட்டை போட்ட ஒரு சிறுமி மடியில் ஃபைலுடன் உட்கார்ந்திருந்தாள்.

பார்த்ததும் தலைமையாசிரியருக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்து ராணுவ முகாமுக்கு மாற்றலாகி வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக, ஏழு கூட்டம் போட்டு ஒரு வரவேற்புக் குழு அமைத்திருந்தார். தீர்மானம் இருந்தது, பேட்ஜ் இருந்தது. வரவேற்க ஆள்தான் இல்லை.

அவர் வெறும் வாய்ப்பேச்சுக்காரரும் அல்ல. சின்ன வயதில் ஊர் ஊராகப் பள்ளி மாறி, மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டவர். "என் ஸ்கூல்ல ஒரு பிள்ளை ஒரு நாள்கூடத் தனியா உக்காரக் கூடாது" என்று ஏழாவது கூட்டத்தில் சொன்னபோது அவர் குரல் நிஜமாகவே கம்மியது.

"முகாம் பிள்ளையாம்மா? எந்த வகுப்பு?"

"ஏழாவது சார். நான் வந்து..."

"பயப்படாதே. அப்பா அம்மா எங்கே?"

"அப்பா எல்லையில சார். அம்மா லாரி பக்கத்துல இருக்காங்க. சாமானைப் பாத்துக்கணும்ல."

"பாவம்" என்றார் அவர். அடுத்த நிமிடம் பத்தாம் வகுப்பிலிருந்து மாணவர் தலைவி வரவழைக்கப்பட்டாள். சிறுமியின் சட்டையில் 'புது நட்பு' என்ற பேட்ஜ் ஏறியது. மூவரும் பள்ளியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

"இதான் தண்ணிக் குழாய்" என்றாள் தலைவி. "என்னிக்கும் திறக்காது."

சிறுமி குழாயின் தலையைக் கொஞ்சம் தூக்கித் திருகினாள். தண்ணீர் கொட்டியது.

தலைமையாசிரியர் பூரித்துப் போனார். "பாத்தியா? வரவேற்று பத்து நிமிஷம் ஆகலை. அதுக்குள்ள ஒட்டிக்கிட்டா."

தலைவி சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் எங்ககூட சாப்பிட வா."

சிறுமி, பிடித்த கையையே பார்த்தாள். "நெசமாவாக்கா?"

"பின்னே? தனியாவா சாப்பிடுவே?"

"அது பழகிடும்க்கா."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தலைமையாசிரியர் அதிகாரத்தோடு தொண்டையைச் செருமினார். "ஏழாவதுல எடம் இருக்காய்யா?"

எழுத்தர் தலை நிமிரவில்லை. "ஒண்ணு காலியாகுது சார். கடைசி பெஞ்ச், ஜன்னலோரம். அங்க இருந்த பொண்ணு வேற ஊருக்குப் போகுது, டி.சி. எழுதிக்கிட்டிருக்கேன். அதுவும் முகாம் பிள்ளைதான். ரெண்டு வருஷமா கடைசி பெஞ்சுலயே தனியா இருந்துச்சாம். கிளாஸ் டீச்சருக்கே முகம் ஞாபகம் வரலைங்கறாங்க."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டு வருஷம். அவர் கண்ணெதிரே, அவர் பள்ளியில்.

"நம்ம குழு அப்பவே இருந்திருந்தா இப்படி விட்டிருப்போமா" என்றார். "யாருய்யா அந்தப் பொண்ணு? போறதுக்கு முந்தி ஒரு தடவை பாக்கணும்."

எழுத்தர் காகிதத்தைத் திருப்பிப் பெயரைத் தேடினார்.

சிறுமி, தலைவியின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டாள். பேட்ஜைக் கழற்றினாள். யாருக்கும் குத்திவிடாமல் ஊசியை மூடி, மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் சார்."