பழையதையே திரும்பப் போடு

“தம்பி, எதை வேணா கழட்டு. அந்தப் பச்சைப் பொட்டலத்தை மட்டும் தொடாதே!”

ஷியூசின் போட்ட சத்தத்தில் யூசெங் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் மேல் இருந்த அந்த நொறுக்குத்தீனிப் பொட்டலம் தின்பதற்கு அல்ல; மெஷின் மக்கர் பண்ணாமல் இருப்பதற்கு. தைவானில் அது இல்லாத அலுவலகம் ஏது? காலாவதியாக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்பதைக்கூடக் காலையில் அவள் பார்த்திருந்தாள். அப்படியிருந்தும் சனியன் உயிர் பெறவில்லை.

மதியம் சர்வீஸ்காரன் ஆகுவோ வந்து, “இனிமே பறக்கும் பாருங்க” என்று புது ரேம் இரண்டைச் செருகிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினான். பறந்தது அவன்தான். கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியதோடு சரி, திரை கறுப்பு. போன் போட்டால் எடுக்கவில்லை. ஹுவாலியன் கடலோரத்தில் இருந்த அந்தச் சின்னப் பதிவு அலுவலகத்துக்கு இருந்ததே அந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

வரிசையில் மிச்சம் இருந்தது ஒரே ஜோடி. பஞ்சாங்கத்தில் நல்ல நாள் என்பதால் காலையில் நான்கு கல்யாணங்களைப் பதிந்திருந்தாள் ஷியூசின். இது ஐந்தாவது என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டாள். பாவம், இதுகளின் நாளை ஒரு தகரடப்பா கெடுப்பதா என்று அவளுக்கு வயிறெரிந்தது. நல்லவேளை, பையன் கம்ப்யூட்டர் கடைக்காரனாம். தானே பார்க்கிறேன் என்று வந்துவிட்டான்.

“அக்கா, போர்டு பழசு, ரேம் புதுசு. ரெண்டுக்கும் ஒத்துக்கலை. பழையதையே திரும்பப் போட்டா ஓடிடும்,” என்றான் யூசெங்.

“அப்ப போடேன். வாயாலயே ஓட்டிட்டு இருக்காதே,” என்றாள் பெஞ்சில் இருந்த பெய்லிங். “அக்கா, அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடும்ல? ராத்திரி ரயிலுக்குப் போயி, நாளைக்குக் காலையில தைபேயில வேலைக்குச் சேரப் போறேன். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.”

“முடிச்சுக் குடுத்துடறேம்மா. சாட்சிக் கையெழுத்து ரெண்டும் இருக்கா?”

“எல்லாம் போட்டாச்சு.” மடியில் இருந்த உறையைத் தட்டிக் காட்டினாள்.

சாயம்போன சட்டை, காதில் ஒரு கம்மல்கூடக் கிடையாது. இந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் என்று ஷியூசின் நினைத்துக்கொண்டாள்.

இழுப்பறையில் கிடந்த பழைய ரேம்களை யூசெங் எடுத்தான். ரப்பரால் தேய்த்து, ஊதி, செருகினான். கறுப்பு. இடம் மாற்றிப் போட்டான். கறுப்பு. ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தான். அதற்கும் கறுப்புதான்.

“தம்பி, கடை வச்சு எத்தனை வருஷமாகுது?” ஷியூசினுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

“ஒன்பது வருஷம்க்கா.”

“ஒன்பது வருஷத்துல எதைத்தான் உருப்படியா முடிச்சான்னு என்னைக் கேளுங்க,” என்றாள் பெய்லிங்.

“ஒரு வெளிச்சம் பிடிக்கத் துப்பில்லை. பேச மட்டும் வந்துட்டா,” என்றான் யூசெங்.

அவள் விருட்டென்று எழுந்து வந்து, மேசைக்குப் பின்பக்கம் நின்று போன் விளக்கைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில், “ஐயோ, என் கம்மல் விழுந்துடுச்சு!” என்று குனிந்து தேடினாள். நிமிர்ந்தவள், பையிலிருந்து ஒரு சோற்றுருண்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “தின்னு தொலை. பசி வந்தா உனக்குக் கை நடுங்கும்.”

அவன் வாங்கித் தின்றுவிட்டு, மறுபடி ரேம் இரண்டையும் செருகினான். திரை கறுப்பாகவே கிடந்தது.

“இப்பவே இப்படி அடிச்சுக்கறீங்களே, நாளைக்கு எப்படித்தான் வாழப்போறீங்களோ!” என்றாள் ஷியூசின்.

மணி ஐந்தானது. “இது ஆகாதுக்கா,” என்று யூசெங் கையை உதறினான்.

ஷியூசினுக்கு அழுகையே வந்துவிட்டது. “நல்ல நாளும் அதுவுமா உங்களை இப்படி அனுப்பறேனே! ஏம்மா, உன் ரயில்?”

“டிக்கெட்டை மாத்திக்கறேன், வேற என்ன செய்ய? எல்லாம் இந்தப் பாழாப்போன மெஷினால.”

“நாளைக்கு முதல்ல உங்களுதுதான்,” என்று உறையை வாங்கி வைத்துக்கொண்டாள் ஷியூசின். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார்கள்.

அடுத்த பத்தாவது நிமிடம் ஆகுவோ வந்து நின்றான். கடை வைத்திருப்பவனாலேயே முடியவில்லை என்று ஷியூசின் அவனை வாயில் வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தாள். அவனோ கம்ப்யூட்டருக்குள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“எந்த மடையன்க்கா இதுல கை வச்சான்? ரேம் ரெண்டும் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாருங்க. அழுத்தவே இல்லை. கடை வச்சிருக்கறவன் செய்யற தப்பா இது?” கட்டைவிரலால் அழுத்தினான். டக், டக் என்று பதிந்தன. பட்டனைத் தட்டினான். அப்போதும் திரை கறுப்பு. மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவன் இன்னும் கத்தினான். “மானிட்டர் ஒயரை வேற யாரோ பிடுங்கி விட்டிருக்காங்க!” அதைச் செருகியதும் திரை பளிச்சென்று எரிந்தது.

அந்தப் பக்கம் குனிந்தது ஒருத்திதான், கம்மலே போடாமல் வந்தவள். ஷியூசினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூணு மணி நேரம் என் உயிரை வாங்கிட்டு, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் ஆளுக்கொரு வேலை பண்ணிட்டுப் போயிருக்குதுங்க! கட்டிக்க இஷ்டமில்லைன்னா எதுக்குய்யா இங்க வரணும்?” உறையைப் பிரித்துக் காகிதத்தை வெடுக்கென்று உருவினாள்.

சாட்சிக் கையெழுத்து இரண்டும் சரியாகத்தான் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில், ‘விவாகரத்து ஒப்பந்தம்’ என்று இருந்தது. அதற்கும் வேண்டும் இரண்டு சாட்சி; அதைப் பதிவதும் இதே மேசையில்தான்.

ஷியூசின் அதை மெதுவாக மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, “ஆகுவோ, அந்த ஒயரைப் பழையபடி பிடுங்கி விட்டுடு,” என்றாள்.