கடல் பார்த்த நாற்காலி

ஓர் ஓவியர் எந்தப் படம் வரைந்தாலும் அதில் கொக்குக்கால் வைத்த ஒரு நாற்காலி நிற்கும். அதன்மேல் ஒரு முட்டை இருக்கும். பின்னால், எட்டாத தூரத்தில், ஒரு கீற்றாகக் கடல் தெரியும். நாற்பது படங்களிலும் நாற்காலி அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றது.

ஒருநாள் அனிமேஷன்காரர்கள் வந்தார்கள். "உன்னை வைத்து சினிமா எடுக்கப் போகிறோம். அதில் என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார்கள்.

"கடல்வரைக்கும் ஓடணும்" என்றது நாற்காலி.

"அண்ணே, மேலே நான் இருக்கேன்" என்றது முட்டை.

"கெட்டியாப் பிடிச்சுக்கோடா."

"எனக்கு ஏதுண்ணே கை?"

நாற்காலி சிரித்தது. நாற்பது படமாக விழாதவன் இப்போதா விழப்போகிறான் என்று நினைத்துக்கொண்டது.

நொடிக்கு இருபத்துநான்கு படமாக அதன் ஓட்டத்தை வரைந்து முடித்தார்கள். தியேட்டரில் முதல் காட்சி ஓடியபோது நாற்காலி தலைதெறிக்க ஓடியது. கால் நனைந்ததும், "டேய், கடலுடா!" என்று கத்தியது. மேலே முட்டையைக் காணோம். திரும்பிப் பார்த்தால், வந்த வழியில் மணல்மேல் மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. அதோடு படம் முடிந்தது.

மறுநாள் காட்சி தொடங்கியபோது முட்டை முழுசாக மேலே உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்காவது மெதுவாப் போறியாண்ணே?"

"போகவே மாட்டேண்டா. இங்கேயே நிப்போம். கடல் எங்கே போயிடப் போகுது?"

சொல்லி வாய் மூடுமுன், வரைந்து வைத்திருந்த வரிசைப்படி அதன் வலதுகால் எழுந்தது.