ஆந்தூரியத்துக்கு என்ன குறை?

"செடிக்கு உரம் போடுங்கன்னு சொன்னா நல்லா தலையாட்டுவார். அடுத்த நிமிஷமே மறந்துடுவார்," என்று அவள் கணவரைக் காட்டிச் சொன்னாள்.

நர்சரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளறை ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்த ஒன்பது ஆந்தூரியம் தொட்டிகளில் மூன்றில்தான் உயிர் இருந்தது. பூ மொட்டு மருந்துக்குக்கூட இல்லை.

அவள் ஒன்றும் தெரியாமல் பேசுபவள் அல்ல. முப்பத்தொரு வருடம் இலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, நரம்பு மட்டும் பச்சையாக இருந்து தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்தச் செடிகளில் இரண்டுமே இருந்தன.

உரப் பாட்டிலைக்கூட இவர் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், ஒவ்வொரு முறையும் தான்தான் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். கதவோரம் நின்றிருந்த கணவர் அதற்கும் தலையாட்டினார்.

நர்சரிக்காரர் விரலால் மண்ணைக் கீறினார். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு செடியை மெல்ல இழுத்தார். அழுகிய வேரோடு கையில் வந்துவிட்டது.

"சத்துக் குறைச்சல் இல்லம்மா, சத்து ஜாஸ்தி. யாரோ ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை உரம் ஊத்தறாங்க. வேர் வெந்து போச்சு. இனி எது போட்டாலும் செடியால எடுத்துக்க முடியாது. மிச்சம் மூணும் தேறாது."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தினதை மறந்து, திரும்பத் திரும்ப ஊத்தியிருக்கீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க."

"சரி," என்றார் அவர். அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டு, வந்தவரை வழியனுப்ப வாசலுக்குப் போனார்.

படியிறங்கப் போன நர்சரிக்காரர் நின்று, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கும் முதல் தடவை வர்ற மாதிரியே வரணுமா, சார்?"